மல்லாந்து நீந்தும் மீன்

சென்ற சித்திரைத் திங்களில் ஒருநாள் விடியற்காலையில் எம் இல்லத்தில் ஒரு சிறு கலவரம் நேர்ந்தது. கூடத்தின் மூலையிலிருந்த கண்ணாடித் தொட்டியை உற்று நோக்கிய எம் பாட்டியார், “தம்பி, உன் மீனில் ஒன்று செத்து மிதக்கிறது, நாற்றம் எடுப்பதற்குள் எடுத்து வெளியே போடு” என்று குரல் கொடுத்தார். யான் எழுந்து வருமுன் அவரே சிறு வலையொன்றை நீருள் விட்டு அதனை அள்ளிவிட்டார். அள்ளிய மாத்திரத்தில் அச் செத்த மீன் கிறீச்சென்று கத்தியது. பாட்டியார் வலையைத் தரையிற் போட்டுவிட்டு நான்கடி பின்வாங்கினார். மீனின் முட்கள் வலைக்கண்களிற் சிக்கிக்கொண்டமையால், வலையைக் கத்தரிகொண்டு வெட்டியே அதனை விடுவிக்க வேண்டியதாயிற்று. நீரில் விட்டதும் அது ஒருமுறை நிமிர்ந்தது. பின்னர் வயிறு மேலாகப் புரண்டு, ஒன்றும் நேராதது போல நீந்திச் சென்றது. “நேராய் நீந்தத் தெரியாத மீனையா காசு கொடுத்து வாங்கி வந்தாய்?” என்று பாட்டியார் கேட்டார். அன்று அவருக்குத் தக்க விடை கூற எனக்கு நேரமில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் மின்வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது. அன்று கூறாது விட்ட விடையை இங்கே சற்று விரிவாகக் கூறப் புகுகின்றேன்.

மீன் விற்போர் இதனை ‘அப்சைட் டவுன்’ என்று சுருக்கமாக அழைப்பர். நூலோர் இட்ட பெயர் சினோடான்டிஸ் நைகிரிவென்ட்ரிஸ் என்பது. இலத்தீன் மொழியில் நைகிரிவென்ட்ரிஸ் என்பதற்குக் ‘கரிய வயிற்றையுடையது’ என்பது பொருள். எனவே நாம் இதனைக் கருவயிற்றுக் கெளுத்தி என்று வழங்கலாம். ஆப்பிரிக்காவின் நடுவே பாயும் காங்கோ ஆற்றின் படுகையே இதன் தாயகம். இது 1936ஆம் ஆண்டில் நூன்முறைப்படி விவரிக்கப்பெற்றுப் பெயரிடப்பெற்றது. முழு வளர்ச்சியுற்ற மீனும் பத்து சென்டிமீட்டர் நீளத்தைத் தாண்டுவதில்லை. பெரிய கண்கள், வாயைச் சுற்றி மூவிணை மீசைகள், செதிலற்ற தோல், அதன்மேற் பழுப்பும் கருமையும் கலந்த புள்ளிகள் ஆகியன இதன் அடையாளங்களாம்.

‘ஆப்பிரிக்கக் கெளுத்தி’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் மாவட்டத்தார் சிலர் முகஞ்சுளிப்பர். அவர்கள் நினைப்பது வேறொரு மீன். குளங்களில் உணவுக்கெனக் களவாக வளர்க்கப்பெற்று, 2000ஆம் ஆண்டில் மைய அரசினால் தடைசெய்யப்பெற்ற அம்மீன், ஒரு மீட்டருக்கு மேலும் வளர்வது, கிடைத்தவற்றையெல்லாம் விழுங்குவது, கிளாரியஸ் என்னும் வேறு இனத்தைச் சார்ந்தது. இரண்டும் ஆப்பிரிக்காவிற் பிறந்தவை, இரண்டும் கெளுத்தி வகையின என்பது தவிர அவற்றிடை நெருங்கிய உறவு யாதுமில்லை. பெயரொற்றுமையால் ஒரு சிறு மீனுக்குப் பெரும்பழி வந்து சேர்தல் முறையன்று.

மல்லாந்து நீந்தும் கெளுத்தியைக் கண்டு வியந்தோருள் நாம் முதல்வரல்லேம். எகிப்து நாட்டில் நாலாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட கல்லறைச் சுவர்களிலே நைல் ஆற்றின் மீன்களைச் செதுக்கிய சிற்பிகள், ஏனைய மீன்களை நிமிர்த்தி அமைத்து, ஒரு மீனை மட்டும் வயிறு மேலாக அமைத்துள்ளனர். சிற்பியின் கை தவறியதன்று; அவன் கண் கண்டது அது. நைல் ஆற்றிலும் மல்லாந்து நீந்தும் சினோடான்டிஸ் ஒன்றுண்டு. அதற்கு நூலோர் வழங்கும் பாட்டென்சோடா என்னும் பெயர், அரபு மொழியிற் கரிய வயிறு எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே, நூலோர் காங்கோ மீனுக்குப் பெயர் தேடுமுன்பே நைல் நதி வலைஞர் அதன் உறவினத்திற்கு அதே பெயரைச் சூட்டிவிட்டனர் என்க. எகிப்தியச் சிறுமியர் கூந்தலில் அணிந்த பொன்மீன் பதக்கங்களுட் சிலவும் இவ்வினத்தின் வடிவில் அமைந்தவையே. நீரில் மூழ்கி இறவாதபடி அவை காக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை.

இனி, வயிறு கறுத்தது ஏன்? நம் ஊர் ஏரியிற் பிடித்த கெண்டையையோ நாட்டுக் கெளுத்தியையோ கையில் எடுத்துப் பாருங்கள். முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருக்கும். வெயில் மேலிருந்து விழுவதால் முதுகு ஒளிபெறும். வயிறு நிழலில் அமையும். கறுத்த முதுகும் வெளுத்த வயிறும் அவ்வொளியையும் நிழலையும் ஈடுசெய்துவிடுதலால், பக்கத்திலிருந்து நோக்கும் பகைக்கு மீனின் உருவம் திரண்டு தோன்றாது. மேலிருந்து நோக்கும் கொக்கிற்குக் கரிய முதுகு கரிய நீரோடு ஒன்றிவிடும். கீழிருந்து நோக்கும் விராலுக்கு வெள்ளிய வயிறு வானத்தின் ஒளியோடு ஒன்றிவிடும். கருவயிற்றுக் கெளுத்தியில் இவ்வேற்பாடு தலைகீழாய் அமைந்துள்ளது. அதன் வயிறு வானத்தை நோக்குவதாதலின் வயிறே கறுத்தது, முதுகு வெளிறியது. இதே உண்மையைக் காண ஆப்பிரிக்காவிற்குச் செல்ல வேண்டுவதில்லை. மழைக்காலத்தில் நம் வயல்வெளிக் குட்டைகளில், துடுப்புப் போன்ற இரு நீண்ட கால்களை வீசி மல்லாந்தே நீந்தும் சிறு பூச்சியொன்றைக் கண்டிருப்பீர்கள். அதற்கும் முதுகு வெளுத்தும் வயிறு கறுத்தும் இருத்தலைக் காணலாம். மீனுக்கும் பூச்சிக்கும் உறவில்லை. வாழும் நிலை ஒன்றாயினமையால் நிறமும் ஒன்றாயிற்று.

நிறம் நிலையைப் பின்பற்றி வந்தது. அந்நிலைதான் எதன் பொருட்டு? பாட்டியாரின் வினாவிற்கு உயிரான விடை இங்கே உள்ளது. ஆதலின் இதனைச் சற்று நின்று நோக்குவோம். கெளுத்தி இனத்தின் வாய் தலையின் அடிப்புறத்தில் அமைந்தது. ஆற்றின் அடியிலே சேற்றைத் துழாவி இரை தேடுவதற்கு அது பொருத்தமான அமைப்பு. ஆயின் காங்கோ ஆற்றில் மரக்கிளைகள் நீருட் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றின் அடிப்பக்கங்களில் பாசியும் புழுக்களும் படிந்துள்ளன. நீரின் மேற்பரப்பிலோ பூச்சிகள் விழுந்து மிதக்கின்றன. அடிப்புறத்தில் வாயுடைய மீன் மேலேயுள்ள இரையைக் கவ்வ வேண்டுமானால், ஒன்று செங்குத்தாக நிற்க வேண்டும். அன்றி மல்லாந்து புரள வேண்டும். செங்குத்தாக நிற்கும் மீன் முன்னோக்கிச் செல்லல் அரிது. மல்லாந்த மீனோ வாயை மேற்பரப்பில் வைத்துக்கொண்டே தன் வழியில் தடையின்றிச் செல்லலாம்.

இரை ஒரு காரணம். மூச்சு அதனினும் பெரிய காரணம். நீரிற் கரைந்துள்ள பிராணவாயு மிகச் சிறிதளவினது. 25 பாகை வெப்பமுள்ள நன்னீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் பிராணவாயுவே நிறைந்த அளவாகக் கரையும். வெப்பம் 35 பாகை ஆயின் அது 7 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். மட்கிய இலைகள் நிரம்பிய தேங்குநீரில் இவ்வளவுகூட நிற்பதில்லை. எனினும் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேற்படலம் மட்டும், சில மில்லிமீட்டர் கனத்தினதேயாயினும், காற்றிலிருந்து பிராணவாயுவை ஓயாது பெற்றுக்கொண்டே இருக்கும். அம்மெல்லிய படலத்து நீரைப் பருகிச் செவுள்வழி விடும் மீன், கீழே ஏனைய மீன்கள் திணறும்போதும் உயிர் தரித்திருக்கும். 1994ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் இக்குடும்பத்து மீன் வகைகள் இரண்டை ஒப்பிட்டு நோக்கியோர், மல்லாந்து நீந்தும் வழக்கம் இவ்வகை மேற்பரப்புச் சுவாசத்திற்குப் பெருந்துணையாவதைக் கண்டனர். ஆகவே பாட்டியார் குறையென்று கருதியது குறையன்று. பிராணவாயு குறைந்த நீரிற் பிழைக்கக் கற்ற திறமை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கருவயிற்றுக் கெளுத்தி மேற்பரப்பில் மல்லாந்திருத்தல் நலத்தின் குறி. தங்கமீன் மல்லாந்து மிதத்தல் நோயின் குறி. தங்கமீனின் காற்றுப்பை கெட்டாலோ, வயிறு உப்பினாலோ அது நிமிர இயலாது பக்கஞ்சாய்ந்து, செட்டைகளை வீணே அடித்துக்கொண்டு தத்தளிக்கும். நம் கெளுத்தியோ செட்டைகளைச் சீராக விரித்து, நினைத்த திசையில் திரும்பி, வேண்டும்போது நிமிர்ந்து அடித்தரையிலும் மேயும். இது மல்லாந்து கிடப்பதன்று, மல்லாந்து நீந்துவது. ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலர் இம்மீனை விமானத்தில் ஏற்றி, சில விநாடிகள் எடையற்ற நிலை உண்டாகுமாறு பறந்து சோதித்தனர். மேலும் கீழும் இன்னதென்று அறிய இயலாத அந்நிலையிலும் இது பெரிதும் தடுமாறாது தன் நிலையைக் காத்துக்கொண்டது என்பர். இதன் குஞ்சுகள் பிறந்தவுடன் மல்லாந்து நீந்துவதில்லை என்பதும் ஈண்டு அறியத்தக்கது. முதலில் எல்லா மீன்களையும் போல நிமிர்ந்தே நீந்தி, ஏறக்குறைய இரண்டு திங்கள் கழிந்தபின் மெல்ல மெல்லப் புரளக் கற்கின்றன.

இனி வளர்க்கும் முறையைக் கூறுவேன். நம் நாட்டிற் பொதுமக்கள் மீன்களைக் கண்ணாடிவழிக் காணும் காட்சிச்சாலை 1909ஆம் ஆண்டிலேயே சென்னைக் கடற்கரையில் திறக்கப்பெற்றது. ஆயினும் இன்று வீடுகளுக்கு மீன் வழங்குவது வடசென்னைக் கொளத்தூரே. வண்ணமீன் கடைகள் நிரம்பிய அவ்வூரைச் சுற்றியும், நம் திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர்களிலும், தொட்டி கட்டி மீன்குஞ்சு வளர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் பல உள. கருவயிற்றுக் கெளுத்தியை வாங்குவோர் அதன் வயிற்றைப் பார்த்து வாங்குக. கலப்பினங்களும் வேறு சினோடான்டிஸ் வகைகளும் இதே பெயரால் விற்கப்படுவதுண்டு. அவற்றுட் சில இருமடங்கு வளர்ந்து, உடன் வாழும் சிறு மீன்களைத் தின்றுவிடும். வயிறு முதுகினும் கறுத்திருந்தால் ஐயம் பெரிதும் நீங்கும்.

யான் முதன்முதல் வாங்கிய இரண்டும் எட்டு நாளில் இறந்தன. “எந்தத் தண்ணீரிலும் வாழும்” என்று விற்றவர் கூறியதை நம்பினேன். நம்பியது என் பிழை. எம் வீடு மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே உள்ளது. நகரத்திற்கும் தொழிற்சாலைகட்கும் அளவின்றி நிலத்தடி நீரை இறைத்ததனால், மீஞ்சூர்ப் பக்கத்தில் 1960களிலிருந்தே கடல்நீர் நிலத்தினுட் புகுந்து வருகின்றது. எம் ஆழ்துளைக் கிணற்று நீரிற் பருப்பு வேகாது. அந்நீரைச் செதிலற்ற ஆற்றுமீனுக்கு இட்டால் அது எங்ஙனம் பிழைக்கும்? காங்கோ நீர் உப்பற்றது, மென்மையானது. மூன்றாம் முறை வாங்குதற்குமுன் ஐப்பசி, கார்த்திகை மழையை மாடியிலிருந்து பிடித்து வைத்தேன். 2003ஆம் ஆண்டு முதல் மழைநீர் சேமிப்பு நம் மாநிலத்தில் எல்லாக் கட்டடங்கட்கும் கட்டாயமாதலின் குழாய்கள் ஏற்கெனவே இருந்தன. தொழிற்பேட்டைக்கு அருகில் இருப்போர் முதல் இரண்டு மழையை விட்டுவிட்டுப் பிந்திய மழையைப் பிடித்தல் நலம். கூரைத் தூசியும் புகையும் முதல் மழையோடு போய்விடும். குழாய் நீரைப் பயன்படுத்துவோர் அதனை ஓரிரவு திறந்த பாத்திரத்தில் வைத்துக் குளோரின் அகன்றபின் ஊற்றுக.

தொட்டி எழுபத்தைந்து லிட்டருக்குக் குறையாதிருத்தல் வேண்டும். மீனை ஒன்றாக வாங்கலாகாது; இது கூட்டமாக வாழ்வது. தனித்து விடப்பட்டால் மூலையில் ஒடுங்கி இரையெடாது கிடக்கும். நான்கேனும் ஐந்தேனும் வேண்டும். புதிய தொட்டியில் நீர் நிரப்பிய மறுநாளே மீன் விடுதல் பெருந்தவறு. மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியா என்னும் நஞ்சைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிற் குடியேற நான்கு முதல் ஆறு கிழமைகள் ஆகும். அதன்பின் கிழமைக்கொருமுறை காற்பங்கு நீரை மாற்றினால் போதும். தொட்டிக்குள் நன்கு ஊறிய மரவேர் ஒன்றும், கவிழ்த்த உடைந்த மண்சட்டி ஒன்றும் இடுக. சட்டியின் உட்கூரையில் அவை வயிற்றை ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும் அழகு, விலையுயர்ந்த பொம்மைகள் தருவதன்று. கண்கூசும் விளக்கு கூடாது. நோய் கண்டால் மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு இடற்க. செதிலற்ற தோலாதலின் உப்பும் செம்புகலந்த மருந்துகளும் இதனைச் சுடும். பிடிக்க நேர்ந்தால் வலை வேண்டா. முதுகிலும் மார்பிலும் உள்ள முட்களை விறைத்து நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் இதற்குண்டு. மார்புமுள்ளின் அடிப்பகுதியைத் தேய்த்தே அது அக் கிறீச்சொலியையும் எழுப்புகின்றது. கண்ணாடிக் குவளையில் நீரோடு அள்ளுதலே தக்கது.

நம் நாட்டில் வெப்பமூட்டி வேண்டுவதில்லை, வேண்டுவது குளிர்ச்சியே. இம்மீனுக்கு 22 முதல் 26 பாகை வெப்பம் இனிது. அக்கினி நட்சத்திரத்தில் எம் கூடம் 35 பாகையைத் தாண்டிவிடும். மல்லாந்து நீந்துவதனால் இம்மீனுக்கு மூச்சுக் கவலையில்லை என்று எண்ணிவிடற்க. மேற்படலம் அதற்கு இடர்க்காலத்து ஊன்றுகோல் மாத்திரமே. பகற்பொழுதிலும் ஓயாது மேற்பரப்பிலே வாய்பொருத்தி வேகமாகச் செவுளசைத்தாலோ, உடன் வாழும் மீன்களும் மேலே வந்து வாய்திறந்தாலோ, நீரில் பிராணவாயு குறைந்தது என்று அறிக. தொட்டியின் மூடியைச் சிறிது திறந்து, மின்விசிறிக் காற்று நீர்மட்டத்தில் படுமாறு செய்து, வடிகட்டியின் நீர் உயரத்திலிருந்து விழச்செய்தால் பெரும்பாலும் நிலைமை சீர்ப்படும்.

இரை கொடுக்கும் நேரம் அந்தி. பகலிற் பதுங்கி இரவில் உலாவும் மீனாதலின், காலையில் இடும் இரையைப் பிற மீன்கள் தின்றுவிடும். எம் தமையனார் கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டில் இரண்டாம் முறை வேலை பார்த்து நள்ளிரவு கடந்து வீடு திரும்புவார். வீடெல்லாம் உறங்கும் அவ்வேளையில் விழித்திருந்து அவரை வரவேற்பவை இம்மீன்களே. மிதக்கும் குருணை இரையும், கிடைக்கும் நாட்களிற் கொசுப்புழுவும் அவரே இடுவார். வாளி நீரிலிருந்து வடித்தெடுத்த கொசுப்புழுவை மீன்கள் மல்லாந்தபடியே ஒவ்வொன்றாக உறிஞ்சுவதைக் காணும்போது, பகலெல்லாம் இரும்புத்தூசியில் நின்ற களைப்புப் பாதி போய்விடுகிறது என்பது அவர் கூற்று. வீட்டுத் தொட்டியில் இவை இனம்பெருக்குதல் மிக அரிது. அந்த ஆசையை யான் விட்டுவிட்டேன்.

மீன் வளர்ப்போர் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. ஆர்வம் தணிந்தவர்களும், வீடு மாறிச் செல்பவர்களும் மீன்களை ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுதல் புண்ணியம் என்று கருதுகின்றனர். தொட்டிப் பாசியைத் தின்னும் என்று ‘டேங்க் கிளீனர்’ என்னும் பெயரால் விற்கப்படும் தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தி இவ்வகைப் புண்ணியத்தால் நம் நீர்நிலைகளிற் புகுந்தது. கவசம் போன்ற உடலையுடைய அதனை உண்பார் இல்லை, வலையைக் கிழிக்கும், கரைகளைத் துளைக்கும், நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிக்கும். நம்மைச் சுற்றி 1944ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கமும், 2020ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் உள்ளன. பொன்னேரிவழிப் பாயும் ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியிற் கலக்கின்றது. அவ்வேரியின் மடவையையும் இறாலையும் நம்பிப் பல ஊர்கள் வாழ்கின்றன. சிறிய மீன்தானே என்று கருவயிற்றுக் கெளுத்திக்கும் விலக்களித்தல் ஆகாது. பிராணவாயு குன்றிய தேங்குநீரிற் பிழைக்கும் திறமை அதற்கும் உண்டென மேலே கண்டோமன்றோ? வளர்க்க இயலாதார் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம்; நண்பர்க்கு ஈயலாம்; ஐயமுடையார் பொன்னேரி மீன்வளக் கல்லூரியாரை வினவலாம்.

தொட்டி மாற்றிய நீரையும் யாம் வாய்க்காலில் விடுவதில்லை. அந்த வேலையை எம் பாட்டியார் ஏற்றுக்கொண்டு, கொல்லைப்புறத்து முருங்கைக்கு ஊற்றி வருகின்றார். ஊற்றுமுன் வாளியை விளக்கருகே வைத்து, மீன் ஏதேனும் தவறி வந்துள்ளதா என்று பார்ப்பார். செத்தது போற் கிடப்பதையும் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்த பின்னரே ஊற்றுவார்.